எடை குறைக்கும் ஊசி: எதைப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ வந்தது. ஜூனில் வெகோவி, டிசம்பரில் ஓசெம்பிக். அதிலிருந்து மருந்துக் கடைக் கவுன்ட்டரில் நிற்கும் என்னைப் போன்றவர்களிடம் வரும் முதல் கேள்வி, "இதுல எது சார் நல்லா இறக்கும்?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று: எதை என்னால் வருடக்கணக்கில் தொடர முடியும்? பணம், வயிறு, ஏற்கெனவே இருக்கும் நோய் என்று மூன்றும் ஒத்துவந்தால்தான் தொடர முடியும். கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கில் எழுதியவை. சீட்டு எழுத வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

கடையில் இத்தனை பெயர் இருக்கிறதே, எல்லாம் வேறு வேறு மருந்தா?

இல்லை. பெயர் பல, மருந்து மூன்றுதான். லிராகுளூடைடு தினமும் போடும் ஊசி. உடல் எடைக்கு வந்த பிராண்டு சாக்ஸெண்டா. செமாகுளூடைடு வாரம் ஒருமுறை. சர்க்கரைக்கு ஓசெம்பிக் என்றும் எடைக்கு வெகோவி என்றும் விற்கிறார்கள். டிர்செபடைடும் வாரம் ஒருமுறைதான். இங்கே மௌன்ஜாரோ, அமெரிக்காவில் எடைக்கு மட்டும் செப்பவுண்ட் என்று தனிப் பெயர். 2022 முதல் இங்கே கிடைக்கும் ரைபெல்சஸ் மாத்திரையும் செமாகுளூடைடுதான், அது சர்க்கரைக்கானது. ஆகவே "ஓசெம்பிக் கேட்கலை, வெகோவிக்கு மாறலாமா" என்று கேட்பவர், மருந்தை மாற்றவில்லை, அளவைத்தான் கூட்டுகிறார்.

தினமும் ஒன்று, வாரம் ஒன்று என்று ஏன் இந்த வித்தியாசம்?

சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். "போதும்" என்று மூளைக்குச் சொல்லும். இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஆனால் அது ரத்தத்தில் ஓரிரு நிமிடத்தில் கரைந்துவிடும். அதே வேலையைச் செய்து, கரையாமல் நீடிக்கும்படி உருவாக்கியவைதான் இந்த மருந்துகள். லிராகுளூடைடு உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 13 மணி நேரம், டிர்செபடைடுக்கு 5 நாள், செமாகுளூடைடுக்கு ஒரு வாரம். டிர்செபடைடு ஜிஎல்பி-1 மட்டுமல்லாமல் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

சரி, எது அதிகமாக இறக்கும்?

டிர்செபடைடு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஏனென்றால் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டே பார்த்துவிட்டார்கள். 2025இல் வெளியான சர்மவுன்ட்-5 ஆய்வில், சர்க்கரை இல்லாத 751 பேருக்கு 72 வாரம் கொடுத்ததில், டிர்செபடைடு போட்டவர்களுக்குச் சராசரியாக 20.2 சதவீத எடை குறைந்தது; செமாகுளூடைடு போட்டவர்களுக்கு 13.7. 90 கிலோ இருப்பவருக்கு இது 18 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். லிராகுளூடைடு அதன் பெரிய ஆய்வில் 56 வாரத்தில் 8 சதவீதம்தான் காட்டியது.

இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, இவை சராசரி. அந்த ஊசியிலேயே 5 சதவீதம்கூட இறங்காதவர்களும் உண்டு. உங்கள் மைத்துனருக்கு 22 கிலோ இறங்கியது என்பது உங்களைப் பற்றி எதையும் சொல்லாது. இரண்டாவது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எல்லா ஊசியிலும் குறைவாகவே இறங்கும்: அவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் செமாகுளூடைடு 2.4 மி.கி. ஏறக்குறைய 10 சதவீதம், டிர்செபடைடு 15 மி.கி. ஏறக்குறைய 15 சதவீதம். நம் ஊரில் கேட்டு வருபவர்களில் பலர் சர்க்கரைக்காரர்கள் என்பதால், விளம்பரத்தில் பார்த்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவது மாதம் மனம் விட்டுப்போகிறார்கள்.

அப்படியானால் எல்லோரும் டிர்செபடைடுதானே போட வேண்டும்?

எடை மட்டும்தான் பிரச்சினை என்றால், பணமும் இருந்தால், ஆம் என்றே சொல்வேன். ஆனால் எடையோடு கூட என்ன இருக்கிறது என்பதில்தான் தேர்வு மாறுகிறது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்து மீண்டவர் என்றால் செமாகுளூடைடுக்கு ஒரு தனிப் பலம் உண்டு. செலக்ட் என்ற ஆய்வில், இதய நோய் இருந்து சர்க்கரை இல்லாத பருமனானவர்கள் 17,604 பேரைப் பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு இவை மொத்தமாக 20 சதவீதம் குறைந்தன. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டுவருபவர்களுக்கும் செமாகுளூடைடில் நல்ல ஆதாரம் இருக்கிறது. டிர்செபடைடு இதயத்துக்குக் கெடுதல் என்று அர்த்தமில்லை. சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்களிடம், இதயத்துக்கு நல்லது என்று முன்பே காட்டிய டுலாகுளூடைடு என்ற சர்க்கரை ஊசிக்கு அது சளைக்கவில்லை என்று 2025இல் தெரிந்தது. ஆனால் சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்குச் செமாகுளூடைடு வைத்திருக்கும் அளவுக்குச் சான்று இன்னும் அதனிடம் இல்லை.

மாறாக, இரவில் மூச்சடைத்துக் குறட்டை விட்டு எழும் ஸ்லீப் ஆப்னியா இருந்தால் டிர்செபடைடு முந்துகிறது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தார்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்து, எடையும் நிறையக் குறைய வேண்டுமென்றாலும் அதுதான்.

லிராகுளூடைடை நான் பழைய மருந்தென்று ஒதுக்க மாட்டேன், ஆனாலும் தினமும் குத்தி 8 சதவீதம் என்றால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைவு. நிறுத்தினால் சீக்கிரம் உடலை விட்டுப் போய்விடும் என்ற ஒரே வசதிக்காகச் சில மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள்.

மாதம் எவ்வளவு ஆகும்?

இங்கேதான் நிறையப் பேர் கணக்கில் கோட்டை விடுகிறார்கள். அறிமுக விலைகளைப் பாருங்கள். மௌன்ஜாரோ குப்பி 2.5 மி.கி. 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். அது ஒரு வாரத்துக்கு. மாதத்துக்கு 14,000, அடுத்த மாதம் 17,500. வெகோவி மாதம் 17,345 ரூபாயில் தொடங்கி உச்ச அளவில் 26,015 ரூபாய் வரை போனது. சில மாதங்களிலேயே 37 சதவீதம் வரை விலையைக் குறைத்தார்கள். ஓசெம்பிக் 0.25 மி.கி. வாரம் 2,200 ரூபாய் என்று வந்தது. இந்த எண்கள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத விஷயம் ஒன்று: தொடக்க அளவு என்பது வயிற்றைப் பழக்குவதற்கு மட்டும். 0.25 மி.கி. செமாகுளூடைடும் 2.5 மி.கி. டிர்செபடைடும் எடை குறைக்கும் அளவே அல்ல. ஆகவே கடையில் "ஆரம்ப விலை என்ன" என்று கேட்காதீர்கள். "நான் கடைசியில் போய் நிற்கப்போகும் அளவுக்கு மாதம் எவ்வளவு" என்று கேளுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது.

அந்த வருடக் கணக்கைத் தாங்க முடியாதென்று தெரிந்தால், பாதி வழி டிர்செபடைடு போவதைவிட முழு வழி செமாகுளூடைடு போவது மேல் என்பது என் கருத்து.

காப்புரிமை முடிந்துவிட்டதே, உள்நாட்டு ஊசி போடலாமா?

செமாகுளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்தது. இந்திய நிறுவனங்கள் தங்கள் பெயரில் தயாரிக்க வழி திறந்தது. அனுமதி பெற்ற நிறுவனத்தின் மருந்து, பில் போட்டு, குளிர்ச்சி விடாமல் கையில் வருகிறதென்றால் தயங்க வேண்டாம். நம் வீட்டில் ஓடும் பிபி மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் அப்படி வந்தவைதான். வாங்கும்போது மட்டும் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். சர்க்கரைக்கு அனுமதியா, எடைக்கா? அந்த பிராண்டில் 2.4 மி.கி. வரை இருக்கிறதா, 1 மி.கி.யோடு நிற்கிறதா? பேனா வடிவ ஊசியா, குப்பியா? குப்பி என்றால் சிரிஞ்சில் எவ்வளவு இழுப்பது என்று ஒருவர் செய்து காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். டிர்செபடைடுக்கு இந்த மலிவு வழி இன்னும் திறக்கவில்லை.

என் உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ. எனக்குத் தருவார்களா?

உங்கள் பிஎம்ஐ, அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண், 27.2. பெட்டியில் அச்சிட்ட விதிப்படி பிஎம்ஐ 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் போன்ற ஒன்று. ஆக, கூட ஒரு நோய் இருந்தால் உண்டு. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே தொப்பையும் சர்க்கரையும் வந்துவிடுவதால் இந்தியர்களுக்கு 25ஐயே பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம். சில மருத்துவர்கள் அதை வைத்து முடிவெடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு ஐந்து கிலோ குறைய வேண்டும் என்று வருபவருக்கு இது மருந்தல்ல.

எனக்குத் தைராய்டு இருக்கிறது. போடக்கூடாதாமே?

தினமும் காலையில் தைராக்சின் மாத்திரை போடும் சாதாரணத் தைராய்டுக் குறைவுதான் என்றால் போடலாம். எச்சரிக்கை வேறு ஒன்றுக்கு: மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய், அல்லது மென்-2 என்ற பரம்பரை நோய், உங்களுக்கோ ரத்த உறவினருக்கோ இருந்தால் இந்த மூன்று மருந்தும் கூடாது. எலிகளில் அந்த வகைக் கட்டி வந்ததால் வைத்த தடை அது. தைராக்சின் போடுபவர்கள் எடை இறங்க இறங்க டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே வரவேண்டும். மாத்திரை அளவு மாறலாம். செமாகுளூடைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இரண்டுமே வெறும் வயிற்று மாத்திரைகள்.

கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரை பாதித்தவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பைக் கல் உருவாகலாம். சர்க்கரை வேகமாக இறங்கினால் விழித்திரை சில காலம் மோசமாகலாம். ஊசி தொடங்குமுன் கண் பரிசோதனை நல்லது. செமாகுளூடைடில் மிக அரிதாக, பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில், பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபட்டுப் பார்வை போவதுண்டு என்று 2025இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு சொன்னது. ஒரு கண் திடீரென மங்கினால் அன்றே ஓடுங்கள்.

சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா?

மெட்ஃபார்மினோடு பிரச்சினை இல்லை. பார்க்க வேண்டியது கிளிமிபிரைடும் இன்சுலினும். நம் ஊர்ச் சீட்டுகளில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக ஒட்டி வரும். எதில் என்ன இருக்கிறது என்று நோயாளிக்கே தெரியாது. ஊசியால் சாப்பாடு பாதியாகிவிடும், மாத்திரை மட்டும் பழைய அளவில் ஓடும், காலை பதினொன்றரைக்குச் சர்க்கரை தாழ்ந்து வேர்த்து நடுங்கும். அதனால் ஊசி தொடங்கும் அன்றே அந்த மாத்திரையையும் இன்சுலினையும் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்றவை இதே வழியில் வேலை செய்பவை. சேர்த்துப் போடுவதில் லாபமில்லை, காசுதான் வீண்.

பிசிஓடி இருக்கிறது, அடுத்த வருடம் குழந்தைக்கும் திட்டம். போடலாமா?

திட்டத்தின் தேதியைப் பொறுத்தது. கர்ப்பத்தில் எந்த ஊசியும் கூடாது. செமாகுளூடைடு என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னரும் டிர்செபடைடு என்றால் ஒரு மாதம் முன்னரும் நிறுத்த வேண்டும். எடை இறங்கும்போது நின்றுபோன மாதவிலக்கு திரும்பும், எதிர்பாராமல் கருவும் தங்கும். "எனக்குத்தான் தங்காதே" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வீரியத்தையும் குறைக்கும். தொடங்கியதிலிருந்து நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டியபின் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். செமாகுளூடைடில் அந்தச் சிக்கல் இல்லை.

வாந்தி வருமா? எதில் குறைவு?

எல்லாவற்றிலும் வரும், பெரும்பாலும் குமட்டலோடு நிற்கும். சர்மவுன்ட்-5 ஆய்வில் வயிற்றுத் தொல்லையால் ஊசியையே விட்டவர்கள் டிர்செபடைடில் 2.7 சதவீதம், செமாகுளூடைடில் 5.6. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து முடிவெடுக்கும் அளவுக்குப் பெரிதல்ல. தொல்லையைத் தீர்மானிப்பது மருந்தைவிட அவசரம்தான். வாரம் ஒருமுறை போடும் ஊசிகளில் நான்கு வாரம் ஆகுமுன் அளவைக் கூட்டவே கூடாது. தொல்லை இருந்தால் அதே அளவில் இன்னொரு மாதம் நிற்கலாம், 5 மி.கி.யிலேயே நன்றாக இறங்குகிறவர் 15க்கு ஏன் போக வேண்டும்?

பிரியாணி, பரோட்டா சால்னா, எண்ணெயில் பொரித்தது இவை ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் வயிற்றிலேயே உட்கார்ந்துகொள்ளும். அழுகிய முட்டை வாடையில் ஏப்பம் வருகிறது என்று சொல்லாதவர் குறைவு. கொஞ்சமாக, மெதுவாக, இரவு சீக்கிரம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும். வெயில் காலத்தில் தாகம் தெரியாமலே நீர் வற்றிப்போவதுண்டு, மோரை விட்டுவிடாதீர்கள். மேல்வயிறு முதுகு வரை குத்தி வலித்து, வாந்தியும் நிற்கவில்லை என்றால் அது கணையமாக இருக்கலாம். ஊசியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பசியே இல்லை. சாப்பிடாமலே இருந்தால் சீக்கிரம் இறங்குமே?

இறங்கும், சதையோடு சேர்ந்து. குறையும் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ கொழுப்பல்லாத எடைதான். இரண்டு இட்லி சாம்பாரோடு நாளை ஓட்டுபவர்களுக்குக் கை கால் மெலிந்து, முடி கொட்டி, மாடி ஏற முடியாமல் போகிறது. தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிடுங்கள்: முட்டை, மீன், கோழி, சைவம் என்றால் சுண்டல், பருப்பு, பன்னீர், சோயா, தயிர். இடம் மிச்சமிருந்தால் சோறு. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி. தண்ணீர் நிரப்பிய பாட்டில் போதும், உட்கார்ந்து எழுவது போதும். அறுபது தாண்டியவர்களுக்கு இதை ஊசியைவிட முக்கியம் என்பேன்.

எப்போது நிறுத்தலாம்?

யாரும் விரும்பாத பதில்: நிறுத்தினால் பெரும்பாலும் ஏறும். செமாகுளூடைடை 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்செபடைடிலும் நிறுத்தியவர்களுக்கு ஏறியது, தொடர்ந்தவர்களுக்கு மேலும் இறங்கியது. பிபி மாத்திரையை நிறுத்தினால் பிபி ஏறுவதில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பருமனையும் அப்படி நாள்பட்ட நோயாகத்தான் உலக சுகாதார நிறுவனம் பார்க்கிறது. எனவே "ஆறு மாதம் போட்டுவிட்டு விட்டுவிடுகிறேன்" என்பது உங்கள் திட்டமென்றால், தொடங்காமல் இருப்பதே காசுக்கு நல்லது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாமா?

மாறலாம். கடைசி ஊசியிலிருந்து ஒரு வாரம் கழித்து. ஆனால் இவ்வளவு மி.கி.க்கு இவ்வளவு மி.கி. என்று நேர்க் கணக்கு கிடையாது. மருத்துவர்கள் வழக்கமாகப் புதியதைக் கீழ் அளவிலிருந்தே ஏற்றுவார்கள். முழு அளவில் மூன்று நான்கு மாதம் போட்டும் 5 சதவீதம் இறங்கவில்லை என்றால் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். பக்கத்து வீட்டில் வேறு ஊசி போடுகிறார்கள் என்பதற்காக மாறாதீர்கள்.

எப்படி வைத்திருப்பது? ஊருக்குப் போகும்போது?

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரில் கூடாது, அதன் பக்கச் சுவரை ஒட்டியும் கூடாது. உள்ளே பனிப்பொடி படிந்த பேனாவைக் கொண்டுவந்து "கரைந்ததும் போடலாமா" என்று கேட்பார்கள். கூடாது, உறைந்தது போனதுதான், ஆயிரக்கணக்கில் விலை என்றாலும். வெளியில் வைக்கலாம் என்று சொல்லும் நாட்கள் எல்லாம் 30 டிகிரிக்கு உட்பட்டவை. மௌன்ஜாரோ குப்பிக்கு 21 நாள், ஓசெம்பிக் பேனாவுக்குத் திறந்தபின் 56 நாள் என்று மாறும். சித்திரையில் வேலூரிலோ திருச்சியிலோ வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி தாண்டும், ஆகையால் அந்த நாட்களை நம்பாமல் குளிர்பையில் கொண்டுபோங்கள். ஐஸ் கட்டியில் நேராகப் படாமல் துணியில் சுற்றி.

பேனாவில் நாலு டோஸ் போட்டபிறகும் மருந்து மிச்சம் தெரிகிறதே. ஐந்தாவது எடுக்கலாமா?

ஊசியில் காற்று போகத் துளி விட்டுப் பார்ப்பதற்காகக் கூடுதலாக ஊற்றிய மருந்து அது. சிரிஞ்சால் உறிஞ்சி ஐந்தாவது வாரத்தை ஓட்டும் வித்தை வெளிநாடுகளிலும் நடக்கிறது. அளவும் சரியாக வராது, கிருமியும் உள்ளே போகும். ஒரே பேனாவைக் கணவனும் மனைவியும் ஊசி மாற்றிப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம்; முனையை மாற்றினாலும் ரத்தம் வழியே பரவும் நோய்கள் பரவலாம்.

ஆன்லைனில் பாதி விலைக்குப் பொடியாக வருகிறது. ரெட்டாட்ரூடைடு இன்னும் நல்லதாமே?

ரெட்டாட்ரூடைடு ஆய்வில் நன்றாகச் செய்த மருந்துதான். ஆனால் விற்பனைக்கு அனுமதி வாங்கிய பிராண்டு எதுவும் இல்லாமலே, "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று சீட்டு ஒட்டிப் பொடியாக விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அனுமதியுள்ள பெயரிலேயே போலி வருகிறது: பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் போலி ஓசெம்பிக் பிடிபட்டதாக 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. பில் இல்லாமல், சீட்டு கேட்காமல், குளிர்பை இல்லாமல் வரும் எதையும் உடம்பில் ஏற்றாதீர்கள்.

ஒரு வாரம் மறந்துவிட்டேன்.

டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள் நினைவு வந்தால் போடுங்கள். ஓசெம்பிக் 5 நாளுக்குள். வெகோவி, அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் அடுத்ததைப் போடுங்கள்; இரண்டையும் சேர்த்து ஒருபோதும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் பழைய உச்ச அளவில் நேராக இறங்காமல் மருத்துவரைக் கேட்டுக் கீழிருந்து ஏறுங்கள்.

ஆபரேஷன், எண்டோஸ்கோபி இருந்தால்?

மயக்க மருந்து கொடுப்பவரிடம் எந்த ஊசி, கடைசியாக எந்தக் கிழமை போட்டீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ராத்திரி சாப்பிட்டது காலையிலும் இரைப்பையில் இருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. நிறுத்த வேண்டுமா, முதல் நாள் கஞ்சியும் ஜூஸுமாக இருந்தால் போதுமா என்பதை அவர் சொல்வார்.